ஏரி மீட்புக்கு நிறுவன நிதியும் ஊழியர்களின் உழைப்பும்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

ஏரிக்கரைவாசி (காட்பாடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடிப் பக்கத்தில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் தெருக்கள் முடியும் இடத்தில் ஒரு சிறிய ஏரி உள்ளது. என் மாமனார் காலத்தில் அதன் மதகிலிருந்து பாய்ந்த தண்ணீரில் நெல் விளைந்தது. இன்று ஆயக்கட்டு (ஏரி நீர் பாய்ந்த நிலம்) முழுவதும் வீட்டுமனையாகிவிட்டது, ஏரிக்குள் பாதி இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது, மீதிப் பாதியில் கோடையிலும் தேங்கி நிற்பது எங்கள் வீடுகளிலிருந்து போகும் கழிவுநீர். "நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்" என்று வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவற்றுள் சாமியில்லாக் கோயில் என்ற சொல்லை, 1981-இல் ஜலகண்டேசுவரரைக் கோட்டைக் கோயிலுக்கு மீண்டும் கொண்டுவந்து, ஊர்மக்களே பொய்யாக்கினார்கள். நீரையும் மரத்தையும் பற்றிய சொற்களையும் அப்படி மாற்ற முடியும் என்று நம்பித்தான் நாங்கள் பதினைந்து குடும்பங்கள் இந்த வேலையில் இறங்கியிருக்கிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் ஜூன் 5-ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, எங்கள் ஏரிக்கரையில் முந்நூறு கன்றுகளை நட்டது. ஊழியர்கள் பேருந்தில் வந்தார்கள், ஒரே நிறச் சட்டை அணிந்திருந்தார்கள், இரண்டு மணி நேரத்தில் நட்டு முடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று ஓர் இளைஞர் உள்ளங்கை கொப்பளிக்கும் வரை குழி தோண்டியதைப் பார்த்தேன். ஆனால் ஆடி மாதம் நான் கரையில் நடந்தபோது பச்சையாக எதுவும் மிச்சமில்லை. காய்ந்த கன்று ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நாற்றங்காலில் கட்டிய கருப்புப் பிளாஸ்டிக் பையோடு அது அப்படியே மேலே வந்தது. வேர்கள் பையின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றி வைக்கோல் பிரி போல முறுக்கிக் கிடந்தன. நட்டவருக்குப் பையைக் கிழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த நான்கு கன்றுகளும் அதே போல வந்தன.

இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள வேறொரு நிறுவனம், எங்கள் நகரில் குடியிருக்கும் அதன் ஊழியர் ஒருவர் மூலமாக, ஏரிக்கு நிதி தர முன்வந்திருக்கிறது. அதோடு அறுபது ஊழியர்களை இரண்டு சனிக்கிழமைகளுக்கு அனுப்புவதாகவும் சொல்கிறார்கள். மாசி முடிவதற்குள் முன்மொழிவை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களும் ஜூன் 5-ஐத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் சங்கம் பதிவு செய்யப்பட்டதுதான், ஆனால் பதிவாகி இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. எங்களால் இந்த நிதியைப் பெற முடியுமா? எதற்காக எவ்வளவு கேட்க வேண்டும்? மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத அறுபது பேருக்கு உண்மையில் பயன்படும் வேலை என்ன கொடுப்பது? அனுமதியை யாரிடம் கேட்பது? முதல் முறை நடந்தது மறுபடியும் நடந்தால் எங்கள் பகுதி மக்கள் மூன்றாவது முறை யாரையும் நம்ப மாட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

கணக்காயர் (சத்துவாச்சாரி):

நிதி பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அதுதான் என் தொழில்.

நீங்கள் பேசுவது 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135-ஆம் பிரிவின் கீழ் வரும் சிஎஸ்ஆர் நிதி, அதாவது நிறுவன சமூகப் பொறுப்பு நிதி. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்பதை அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. சுற்றுச்சூழலையும் மண், காற்று, நீர் ஆகியவற்றின் தரத்தையும் காப்பது அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்வதால், ராணிப்பேட்டை நிறுவனம் காட்பாடி ஏரிக்குத் தருவதில் எந்தத் தடையும் இல்லை.

ஆனால் உங்கள் சங்கம் நேரடியாக அந்தப் பணத்தைப் பெற முடியாது. நிறுவனத்தின் சார்பில் திட்டத்தை நிறைவேற்றும் வெளி அமைப்புக்கு அறப்பணிக்கான வருமான வரிப் பதிவுகளான 12ஏ, 80ஜி இருக்க வேண்டும், 2021 ஏப்ரல் முதல் நிறுவன விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பெற்ற பதிவெண் இருக்க வேண்டும், இதே வகைப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். இதைக் கேட்டு நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை, ஏனென்றால் இரண்டு வழிகள் திறந்தே இருக்கின்றன. தகுதியுள்ள ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து, நிறுவனம், அறக்கட்டளை, உங்கள் சங்கம் என்று மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் போடலாம். இல்லையென்றால் நிறுவனமே திட்டத்தை நேரடியாக நடத்தலாம். பொக்லைன் வாடகை, தண்ணீர் வண்டி, காவலாளி கூலி ஆகியவற்றின் பட்டியல்களுக்கு நிறுவனம் நேரடியாகப் பணம் செலுத்தும், உங்கள் சங்கம் வேலையை மேற்பார்வை பார்த்து உறுதி செய்யும். சிறிய ஏரிக்கு இரண்டாவது வழி எளிது என்பது என் கருத்து. பணம் உங்கள் கணக்கில் வராததால் ஊருக்குள் சந்தேகப் பேச்சுக்கும் இடம் இருக்காது.

பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் காட்டி, காவலாளி கூலியையும் தண்ணீர்ச் செலவையும் நிறுவனங்கள் மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வரம்பு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கு உரியது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நிறைவேற்றவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வராது. ஆகவே கன்றுக்கு நீர் ஊற்றுபவரின் கூலி திட்டச் செலவுதான், தயங்காமல் எழுதுங்கள்.

முன்மொழிவின் தலைப்பிலேயே "தொடர் திட்டம்" என்று குறிப்பிடச் சொல்லுங்கள். தொடங்கும் நிதியாண்டு போக மேலும் மூன்று நிதியாண்டுகள் வரை அதை நடத்தலாம். செலவாகாத தொகையை மார்ச் 31-க்குப் பிறகு முப்பது நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி வைத்தால் போதும். ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் பணம் முழுவதும் கன்று வாங்குவதிலும் பந்தல் போடுவதிலும் போய்விடுகிறது.

ஊழியர்கள் வந்து உழைக்கும் நேரத்துக்கு ஒரு விலை போட்டு அதையும் சிஎஸ்ஆர் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட விளக்கத்தில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அறுபது பேரை அனுப்புகிறோம், ஆகவே நிதியைக் குறைத்துக்கொள்கிறோம் என்று யாராவது பேசினால் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சில பன்னாட்டு நிறுவனங்கள் ஊழியர் உழைத்த மணிக்கணக்கின்படி அந்த அமைப்புக்குத் தனியாக நன்கொடை அளிப்பதுண்டு. அந்தப் பணம் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்திலிருந்து நேராக வருமானால் அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். அதற்குரிய பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

மதகு (ஓய்வுபெற்ற பொறியாளர், வேலூர்):

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏரிப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருப்பது வழக்கம். காட்பாடிப் பகுதி மாநகராட்சியோடு இணைந்த பிறகு சில ஏரிகளில் கரை ஒரு துறையிடமும் கால்வாய் இன்னொரு துறையிடமும் இருக்கிறது. வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் வாங்குங்கள். அவற்றில் ஏரிப் புறம்போக்கு எவ்வளவு, வரத்துக் கால்வாய் எந்தப் புல எண்கள் வழியாக வருகிறது என்பது இருக்கும். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுத்து, உரிய துறையின் எழுத்துப்பூர்வமான இசைவைப் பெறாமல் ஒரு மண்வெட்டி மண்ணைக்கூட எடுக்கக் கூடாது. நல்ல எண்ணத்தோடு தூர் வாரப் போனவர்கள் மீது மண் அள்ளியதாகப் புகார் வந்ததை நான் பணியில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வேலையின் வரிசை. ஏரி என்றவுடன் எல்லோருக்கும் பொக்லைனை உள்ளே இறக்கி ஆழப்படுத்தும் எண்ணம்தான் வருகிறது. தண்ணீர் வரும் வழி அடைபட்டிருக்கும்போது குழியை ஆழமாக்கி என்ன பயன்? மழை பெய்யும் நாளில் குடை பிடித்துக்கொண்டு வரத்துக் கால்வாய் நெடுக நடந்து பாருங்கள். எந்த இடத்தில் வீட்டுக் கட்டட இடிபாடு கொட்டியிருக்கிறது, எந்தச் சிறுபாலத்தின் குழாய் அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் தண்ணீர் தெருவுக்குத் திரும்புகிறது என்பதை ஒரே நடையில் தெரிந்துகொள்ளலாம். கால்வாய்க்குப் பிறகு, உபரிநீர் வழியும் கலங்கல். ஏரி நிரம்பி வழிந்தால் உபரிநீர் அடுத்த ஏரிக்கும் அங்கிருந்து பாலாற்றுக்கும் போகும் வழி திறந்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, மூடிக் கிடந்த போக்குக் கால்வாய்கள் எத்தனை தெருக்களைத் தண்ணீரில் நிறுத்தின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். இவற்றுக்குப் பிறகுதான் கரையும் மதகும், அதற்கும் பிறகுதான் தூர் வாருவது. வாரும்போது கரையின் அடியிலிருந்து போதிய தூரம் விட்டுத் தோண்டச் சொல்லுங்கள். கரையை ஒட்டிப் பள்ளம் எடுத்தால் அடுத்த பெருமழையில் கரை சரியும். தூர்வாரிய மண்ணை நிலங்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், கழிவுநீர் தேங்கிய இடத்து மண் என்பதால், முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கழிவுநீர்தான் உங்கள் ஏரியின் முதல் நோய். நிறுவனத்தின் பணத்தில் ஆகாயத்தாமரையை அகற்றிப் படம் எடுக்கலாம், கழிவுநீர் நின்றால் ஒழிய அடுத்த சில மாதங்களில் அது திரும்ப வந்து மூடிவிடும், ஏனென்றால் அதற்கு உரம் போட்டுக்கொண்டிருப்பது உங்கள் தெருக்களே. எத்தனை வீடுகளின் குழாய் கால்வாயில் விழுகிறது என்று நீங்கள் எண்ண வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் இணைப்பு வாங்கச் செய்யுங்கள். வராத இடத்தில் உறிஞ்சுகுழி அமைக்கச் செய்யுங்கள். இந்தப் பகுதியை எந்த நிறுவனமும் உங்களுக்காகச் செய்து தர முடியாது. இது உங்கள் பதினைந்து குடும்பங்கள் அக்கம்பக்கத்தாரிடம் வீடு வீடாகப் போய்ப் பேசி முடிக்க வேண்டிய வேலை.

மரம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். ஜூன் 5 உலகத்துக்குப் பொருத்தமான நாளாக இருக்கலாம், வேலூருக்கு அது கத்திரி முடிந்து ஏறக்குறைய ஒரு வாரமே ஆன நாள். நம் ஊரில் கன்று நடுவதற்கு ஏற்ற காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். இரண்டு மழைக்காலங்களின் ஈரமும் சேர்ந்து கிடைக்கும், மார்கழிக்குள் வேர் பிடித்துவிடும். கரையின் உட்புறச் சரிவில் நீர்மருதும் நாவலும், வெளிப்புறத்தில் புங்கனும் இலுப்பையும் பூவரசும், கரையின் மேல் விளிம்பில் பனையும் வைக்கலாம். ஆனால் கரையின் மேல் பெரிய மரங்களை நெருக்கமாக வைக்காதீர்கள். விழும்போது கரையையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நானூறு கன்றுக்கு ஒரு முறைக்குப் பத்து லிட்டர் என்றால் 4,000 லிட்டர், அதாவது ஒரு டிராக்டர் டேங்கர். தை முதல் ஆனி வரை இருபத்தாறு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை என்றால் ஐம்பத்திரண்டு டேங்கர். முதல் இரண்டு கோடைக்கும் இதைச் சேர்த்தால் நூற்று நான்கு டேங்கர். கன்றின் விலையை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், நிதி எதற்குக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அவ்வளவு பணம் இல்லையென்றால் நானூறு வேண்டாம், நூறு நடுங்கள்.

குடியாத்தத்துப் பெண் (சென்னையில் பணி):

சொந்த ஊர் குடியாத்தம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஊழியர் தன்னார்வப் பணிகளை ஆறு ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருகிறேன். உங்கள் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

எங்களிடம் வரும் முன்மொழிவுகளில் பெரும்பாலானவை "ஆயிரம் கன்று நடுதல்" என்றுதான் இருக்கும். ஏனென்றால் அது எண்ணுவதற்கு எளிது, ஒரே நாளில் முடியும், ஆண்டறிக்கையில் ஒரு வரியில் எழுதலாம். மூன்றாம் ஆண்டு முடிவில் எத்தனை மரம் உயிரோடு இருக்கும், அதை யார் எண்ணுவார்கள் என்று எழுதி வரும் முன்மொழிவைப் பார்த்தால் நாங்கள் அந்தக் குழுவை உடனே பேச அழைப்போம். அதனால் கன்றின் எண்ணிக்கையை இலக்காக எழுதாதீர்கள். முதல் கோடை முடிந்ததும் எத்தனை பிழைத்தது, இரண்டாம் கோடை முடிந்ததும் எத்தனை என்பதை இலக்காக எழுதி, நிதியின் இரண்டாம் மூன்றாம் தவணைகளை அந்த எண்ணிக்கையோடு நீங்களே இணைத்துவிடுங்கள். பணத்தைத் தருபவரும் பெறுபவரும் அதன்பின் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். நிறுவனத்தின் ஆண்டுச் செயல்திட்டம் சிஎஸ்ஆர் குழுவின் பரிந்துரையோடு இயக்குநர் குழுவுக்குப் போகும். ஏப்ரலுக்கு முன்பே உங்கள் பெயர் அதில் வந்துவிட்டால், மூன்று ஆண்டுத் திட்டம் என்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். மாசிக்குள் கேட்டிருக்கிறார்கள் என்பது நல்ல அறிகுறி.

அறுபது பேரின் வேலை பற்றி. நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறு, அவர்களை உடல் உழைப்புக்கு வந்த கூலியாட்களாக நினைத்ததுதான். கணினி முன் உட்கார்ந்திருப்பவர் ஒரு காலை வேளையில் இரண்டு குழி தோண்டுவார், மூன்றாவது குழிக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதே நேரத்தில் பழகிய ஒரு பெண்மணி இருபது குழி தோண்டிவிடுவார். கணியம்பாடிப் பக்கத்து நாகநதியில், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டும் கிணறுகளை அமைத்தவர்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி பெற்ற அந்தந்த ஊர்ப் பெண்கள்தான். அந்தத் திட்டம் ஊரகப் பகுதிக்கானது, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே அந்தக் கூலியைத் தருவதற்குத்தான் நிறுவன நிதியைப் பயன்படுத்த வேண்டும் என்பேன். ஏரிக்கு அருகில் வசிக்கும் இரண்டு பெண்களுக்கு மூன்று ஆண்டுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள்.

ஊழியர்களிடம் அவர்கள் கைவந்த வேலையைக் கேளுங்கள். ஒரு சனிக்கிழமையில் அறுபது பேரும் பத்துக் குழுவாகப் பிரிந்து, உங்கள் வரத்துக் கால்வாய் முழுவதையும் கைபேசியில் இடக்குறியோடு படம் எடுத்து, ஒவ்வொரு அடைப்பையும் ஒவ்வொரு கழிவுநீர்க் குழாயையும் வரைபடத்தில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். மேலே பொறியாளர் ஐயா சொன்ன வேலைக்கு அது அடிப்படை ஆவணமாகும். கன்றுகளுக்கு எண் போட்ட தகடு கட்டி ஆண்டுக்கு இரண்டு முறை உயரமும் தண்டின் சுற்றளவும் அளப்பது, பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் 2015 முதல் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் ஏரியையும் சேர்ப்பது, சங்கத்தின் வரவு செலவை ஒழுங்குபடுத்தித் தருவது, துறைகளுக்கு மனு எழுதுவது என்று வேலை நிறைய இருக்கிறது. அவர்கள் ஜூன் மாதத்தை விடவே மாட்டார்கள் என்றால் அந்தச் சனிக்கிழமையை இந்த வரைபட வேலைக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவது சனிக்கிழமையைப் புரட்டாசிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அன்று அவர்கள் நடட்டும், ஆனால் குழி முன்பே தயாராக இருக்க வேண்டும், ஐந்து பேருக்கு ஓர் உள்ளூர்ப் பெண் பக்கத்தில் நின்று பையைக் கிழிப்பது முதல் காட்டிக் கொடுக்க வேண்டும்.

கண்டிப்பாக மறுக்க வேண்டிய வேலையும் உண்டு. கழிவுநீர்க் கால்வாய்க்குள் யாரையும் இறக்காதீர்கள், ஊழியர்களையும் சரி, கூலிக்கு வரும் உள்ளூர் மக்களையும் சரி. உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்கி வேலை வாங்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வேறொரு ஊரின் ஏரிக்கரையில் நாங்கள் குப்பை எடுத்தபோது, என் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பையைக் கீழிருந்து தூக்கினாள். மெல்லிய ரப்பர்க் கையுறையைத் துளைத்து ஓர் ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. அடுத்த சில மாதங்கள் அவளும் அவள் அம்மாவும் ரத்தப் பரிசோதனைக்காக அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். அன்று முதல் தடித்த கையுறையும் இடுக்கியும் இல்லாமல் யாரையும் குப்பையைத் தொட விடுவதில்லை. வேலூர் மருத்துவமனைகள் நிறைந்த ஊர், ஆகவே நீங்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. சீமைக் கருவேலத்தை அகற்றும்போது, அதில் கொக்குகளோ நாரைகளோ கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூடு இருந்தால் குஞ்சு பறந்து போகும் வரை அந்தப் பகுதியை விட்டுவையுங்கள்.

பாலாற்றுப் பிள்ளை (ராணிப்பேட்டை):

எனக்கு வேறு ஒரு கவலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிதி தரும் நிறுவனம் எந்தத் தொழிலில் இருக்கிறது என்று கேட்டீர்களா? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் தோல் கழிவால் எங்கள் கிணறுகள் என்ன ஆயின என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புத்தான், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாக நிறுவியது. எங்கள் ஊரில் குரோமியக் கழிவு மலையாகக் குவிந்து கிடக்கும் இடத்தின் பக்கத்தில் வளர்ந்தவன் நான். மழை விட்ட பிறகு பள்ளங்களில் மஞ்சளாகத் தண்ணீர் நிற்கும், அதில் கால் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லித்தான் பள்ளிக்கு அனுப்புவார்.

ஒரு கையால் நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டு மறு கையால் பக்கத்து ஊரில் மரம் நடுவதற்குப் பணம் கொடுத்தால், அந்தப் பெயர்ப்பலகையை உங்கள் ஏரிக்கரையில் நட நீங்கள் இடம் தரக் கூடாது. எல்லா நிறுவனமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கணக்காயர் (சத்துவாச்சாரி):

ராணிப்பேட்டை நண்பர் சொன்னதில் சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. வேறு எந்தச் சட்டத்தின்படியும் ஒரு நிறுவனம் செய்தே தீர வேண்டிய கடமையைச் சிஎஸ்ஆர் செலவாகக் காட்ட முடியாது. தன் கழிவைச் சுத்திகரிப்பதும், மாசுக்காக விதிக்கப்பட்ட இழப்பீட்டைக் கட்டுவதும், சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனையாக வைக்க வேண்டிய மரங்களும் அந்தக் கடமைகளில் சேரும். ஆகவே நிறுவனத்திடம் ஒரு கடிதம் கேளுங்கள். இந்தப் பணி வேறு எந்த அனுமதியின் நிபந்தனையும் அல்ல, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நடப்பில் இருக்கிறது என்று அதில் உறுதி தரச் சொல்லுங்கள். ஒழுங்காக நடக்கும் நிறுவனத்துக்கு இதை எழுதித் தருவதில் ஒரு சிரமமும் இருக்காது. கம்பி வேலி, ஆழ்துளைக் கிணறு போன்ற நிலையான சொத்து எதுவும் நிறுவனத்தின் பெயரில் இருக்க முடியாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். மாநகராட்சி போன்ற பொது அமைப்பின் பெயரில் இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

ஏரிக்கரைவாசி (காட்பாடி):

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை சங்கத்தில் இந்தப் பதில்கள் அனைத்தையும் உரக்கப் படித்தோம். ராணிப்பேட்டை தம்பி எழுதியதைப் படித்தபோது யாரும் சிறிது நேரம் பேசவில்லை. நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கடிதத்தை இன்றே எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வந்த பிறகுதான் மற்றவை.

முன்மொழிவை இப்படி மாற்றியிருக்கிறோம். நூற்று இருபது கன்றுகள் மட்டும், புரட்டாசியில். இரண்டு பெண்களுக்கு மூன்று ஆண்டுச் சம்பளம், இரண்டு கோடைக்கு டேங்கர் தண்ணீர், வரத்துக் கால்வாயில் அடைபட்ட பகுதிகளைத் திறக்கும் செலவு, இவ்வளவுதான் கேட்கிறோம். பணத்தை நிறுவனமே நேரடியாகச் செலுத்தட்டும் என்று எழுதியிருக்கிறோம். ஜூன் சனிக்கிழமையில் அறுபது பேரும் கால்வாய் வரைபட வேலை. நுழைவாயில் வளைவும் நடைபாதைக் கல்லும் வேண்டும் என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டார்கள். தண்ணீர் வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தோம்.

கழிவுநீர்க் குழாய்களை எண்ணும் வேலையை நாங்களே தொடங்கிவிட்டோம். முதல் தெருவில் மட்டும் பதினொரு வீடுகளின் குழாய் கால்வாயில் விழுகிறது. அவற்றுள் ஒன்று என் வீடு. வீடு கட்டியபோது கொத்தனார் அப்படித்தான் விட்டார், நானும் இத்தனை ஆண்டு கேட்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை உறிஞ்சுகுழிக்கு ஆள் வருகிறது. என் வீட்டில் முடிந்த பிறகு மற்ற பத்து வீடுகளின் கதவைத் தட்டுவேன்.

பொறியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: கரையின் விளிம்புக்குப் பனை என்றீர்கள். கன்று வாங்க வேண்டுமா, விதையே போதுமா?

மதகு (ஓய்வுபெற்ற பொறியாளர், வேலூர்):

விதையே போதும் ஐயா. பனை முளைத்தவுடன் முதலில் கீழே கிழங்காக இறங்கும். பிடுங்கி நட்டால் அந்தக் கிழங்கு முறிந்துவிடும், அதனால் நேராக விதைப்பதே முறை. பழம் ஆடி, ஆவணியில் விழும். பொன்னைப் பக்கம் எனக்குத் தெரிந்த தோப்பு ஒன்று இருக்கிறது, இரண்டு மூட்டை பொறுக்கி வைக்கச் சொல்கிறேன். ஓர் அடி ஆழத்துக்குச் சற்றுக் குறைவான குழி, பத்தடிக்கு ஒன்று. அதற்கு டேங்கர் தண்ணீர் தேவையில்லை, ஆடு மாடு மேயாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் கரையின் நீளம் எத்தனை அடி என்று அளந்து சொல்லுங்கள், எத்தனை விதை வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.